வெள்ளம் வடிந்த பிறகும் நம் தொண்டு

முன்னுரை

மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை என்று மகிழாத மாணவி இல்லை. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அறிவிப்பு வருமா என்று காலையில் எழுந்ததும் காத்திருப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் வந்த விடுமுறையில் மகிழ்ச்சி இல்லை. நம் வகுப்புத் தோழியர் சிலரின் வீடுகளில் நீர் புகுந்திருந்தது. ஊர்ப் பள்ளிகள் பாடசாலைகளாக இல்லாமல் முகாம்களாக மாறியிருந்தன. நாம் உட்காரும் பெஞ்சுகளைப் போன்ற பெஞ்சுகளில் குழந்தைகள் உறங்கினர்.

அந்நாட்களில் நம்மில் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நாம் என்ன செய்யலாம்?” நல்ல மனத்தில் பிறக்கும் நல்ல கேள்வி அது. ஆயினும் நல்ல மனம் மட்டும் போதாது என்பதை நாம் பின்னர் கற்றுக்கொண்டோம். தொண்டு செய்வதற்கும் ஒரு கல்வி வேண்டும். அந்தக் கல்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் மண்ணும் நீரும்

முதலில் நம் நிலத்தை அறிந்துகொள்வோம். கரியமாணிக்கம், பாகூர் வட்டத்தில் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். இப்பகுதிக்கு வடக்கே செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு. தெற்கே கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, சாத்தனூர் அணையைக் கடந்து கடலுக்கு வரும் தென்பெண்ணை. இரண்டுக்கும் இடையே ஏரிகளும் வாய்க்கால்களும் நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் நிறைந்த சமவெளி. தாழ்ந்த நிலமானதால்தான் இது வளமான நிலம். தாழ்ந்த நிலமானதால்தான் இங்கு வெள்ளமும் தங்குகிறது.

ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் இங்குப் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 130 செ.மீ. அப்படியானால் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஒரு ஹெக்டேர் நிலத்தின்மேல் 48 செ.மீ. மழை என்றால் அது 48 லட்சம் லிட்டர் நீர். கணக்குப் பாடத்தில் பரப்பளவையும் கன அளவையும் படித்த எந்த மாணவியும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மழை நின்றபின் மற்றொரு துன்பம் வந்தது. மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்திலும் பெருமழை பெய்ததால், டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர்! ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு நாள் முழுவதும் பெய்த நீரின் அளவு ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் இறங்கியது. தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய பாகூர்ப் பகுதி ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. இங்கு மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகுதான் அவ்வூர்களில் நீர் உயர்ந்தது. “மழைதான் விட்டுவிட்டதே” என்று நினைத்தவர்கள் ஏமாந்தனர்.

இதிலிருந்து முதற்பாடம்: இடர் ஒரே நாளில் முடிவதில்லை. ஆகவே தொண்டும் ஒரே நாளில் முடிவதில்லை.

தொண்டு புதியதன்று

இடர்க்காலத்தில் ஊரார் கூடி உழைப்பது நம் நாட்டில் புதிய வழக்கம் அன்று. ஏரியின் கரையையும் மதகையும் குடிமக்களே கூடிப் பழுதுபார்த்த ‘குடிமராமத்து’ முறையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்குப் போவார். வெள்ளம் வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் கரையைப் பலப்படுத்துவதே பெரிய தொண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் நீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் இவ்வாய்க்காலோடு, பங்காரி, சிங்காரி என்னும் சகோதரியர் இருவரின் கதையை இப்பகுதி மக்கள் இணைத்துச் சொல்வார்கள். ஊருக்கு நீர் வர வேண்டுமென்று தம் செல்வத்தை வாய்க்கால் வெட்டக் கொடுத்தவர்களாம் அவர்கள். அது ஊர்க்கதை என்றாலும், நீரைக் காத்த பெருமையை இரண்டு பெண்களுக்கு நம் மக்கள் அளித்திருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

உலக வரலாற்றிலும் இத்தகைய பெண்களைக் காண்கிறோம். 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் அருகிலிருந்த காஸ்திலியோனே என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர்கள் மிகச் சிலரே. அவ்வூர்ப் பெண்களும் சிறுமியரும் ஆலயத்திற்குள் கிடத்தப்பட்டிருந்த வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தனர். காயங்களைக் கழுவிக் கட்டினர். இவன் நம் படையினன், அவன் எதிரிப் படையினன் என்று பிரித்துப் பார்க்கவில்லை. ‘எல்லோரும் சகோதரரே’ என்பது அவர்கள் வாயில் வழங்கிய சொல்.

தற்செயலாக அங்கு வந்த ஜெனீவா நகரத்து வணிகர் ஹென்றி டுனான்ட் அவர்களோடு சேர்ந்து பணிசெய்தார். 1862இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். அதன் பயனாக 1863இல் தோன்றியதே செஞ்சிலுவை இயக்கம். 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபெல் பரிசைப் பெற்ற இருவருள் ஒருவர் டுனான்ட். நம் நாட்டில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920இல் அமைந்தது. பல பள்ளிகளில் இயங்கும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் அதன் கிளையே. ஓர் ஊர்ப் பெண்களின் இரண்டு மூன்று நாள் உழைப்பு உலகெங்கும் பரவிய வரலாறு இது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டபோது, தொண்டு மாணவர் கல்வியின் ஒரு பகுதியே என்று நம் நாடும் ஏற்றுக்கொண்டது.

எச்சரிக்கை தருவதும் தொண்டே

தொண்டு என்றதும் சோற்றுப் பொட்டலமும் போர்வையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உரிய நேரத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல் ஆயிரம் போர்வைகளைவிடப் பெரிது. இதற்குச் சான்று நம் புதுச்சேரியிலேயே உண்டு.

1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரியமாணிக்கத்திற்கு அருகிலுள்ள ஏம்பலமும் அவ்வூர்களில் ஒன்று. அந்த மையங்களை ஊர்த் தொண்டர்களே நடத்தினர். அவர்களில் பெண்கள் பலர். நெல் விலை, மருத்துவர் வரும் நாள், அரசுத் திட்டங்கள் ஆகியவற்றை ஊராருக்குத் தெரிவிப்பார்கள். கடற்கரை ஊரான வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்பதை ஒலிபெருக்கியில் மீனவர்க்குச் சொன்னார்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். கடல் பொங்கும் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் மேட்டுக்கு ஓடினர். ஆழிப்பேரலை வந்தபோது வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் ஏறத்தாழ 3,600 மக்கள் பிழைத்தனர். அதே நாளில் புதுச்சேரி மாநிலத்தில் ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். ஓர் ஒலிபெருக்கியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த சிலரும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கினர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே வருத்தம் தரும் ஓர் உண்மையையும் நாம் நேர்நின்று பார்க்க வேண்டும். அந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இறந்தனர் என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் எடுத்துக்காட்டியது. நீந்தத் தெரியாமை, மரம் ஏறப் பழகாமை, ஓடத் தடையான உடை, கையில் குழந்தைகள் ஆகியவை அதற்குக் காரணங்கள். வங்காளதேசத்தில் 1991ஆம் ஆண்டுப் புயலிலும் இதையே கண்டனர். வீட்டு ஆண்கள் வந்து சொன்னால்தான் வெளியேறலாம் என்று காத்திருந்த பெண்கள் பலர் மாண்டனர்.

அந்நாடு இதிலிருந்து பாடம் கற்றது. 1970ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு வீசிய புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின், 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் என்ற தொண்டர் அமைப்பு உருவாயிற்று. இன்று அதில் ஏறத்தாழ 76,000 தொண்டர்கள்; அவர்களில் பாதிப்பேர் பெண்கள். கையில் கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகச் சென்று எச்சரிக்கிறார்கள். சமையலறைவரை சென்று ஒரு தாயிடம் “புறப்படுங்கள்” என்று சொல்ல ஒரு பெண்ணால்தான் முடியும். ஆகவே, பெண்பிள்ளைகளுக்கு இப்பயிற்சி எதற்கு என்று கேட்போர்க்கு நம் விடை இது: பெண்பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் வேண்டும்.

நாங்கள் கற்றுக்கொண்டது

இனி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். பெருமைக்காக அன்று, எங்கள் பிழைகள் அடுத்து வரும் மாணவியர்க்குப் பாடமாகட்டும் என்பதற்காக.

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. பெற்றோரின் கடிதங்களோடு, அருட்சகோதரியர் இருவரும் ஆசிரியைகள் மூவரும் அழைத்துச் செல்ல, நாங்கள் கரியமாணிக்கத்தின் தாழ்வான ஒரு தெருவுக்குப் போனோம். கையில் எட்டு மூட்டைப் பழைய துணி. வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. மூட்டைகளை இறக்கியதும் ஒரு முதியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“துணி எங்கிட்டயும் இருக்கு பாப்பா. நனைஞ்சி கெடக்கு, காஞ்சா கட்டிக்குவேன். அடுப்பு மூட்ட ஒரு காஞ்ச வெறகு இல்ல. அதக் கேட்டியா?” என்றார்.

“இல்ல ஆயா, கேக்கல,” என்றாள் எங்களில் ஒருத்தி.

அந்த ஒரு கேள்வி எங்கள் எட்டு மூட்டைகளையும் எடைபோட்டுவிட்டது. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் கிழிந்த சட்டைகளும், விழாவுக்கு உடுத்தும் சரிகைப் பாவாடைகளும், ஒற்றைக் காலுறைகளும் இருந்தன. கொடுத்தவர்கள் பிறர் தேவையை எண்ணிக் கொடுக்கவில்லை. தம் அலமாரியைக் காலி செய்திருந்தார்கள். அவற்றைப் பிரித்து அடுக்கவே எங்களுக்கு அரை நாள் போயிற்று.

பிற்பகலில் ஆசிரியை எங்களை இருவர் இருவராகப் பிரித்து, நோட்டும் பென்சிலும் கொடுத்தார். “எதுவும் கொடுக்காதீர்கள். கேட்டு எழுதி வாருங்கள்,” என்றார். தெருவின் முனையிலிருந்து தொடங்காமல் கடைசி வீட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். காரணம் பிறகு விளங்கிற்று. நிவாரண வண்டிகள் தார்ச்சாலையில் நிற்கும். அருகில் இருப்பவர்க்கு இரண்டு முறை கிடைக்கும். ஓரத்தில் தனித்து வாழ்வோர், முதியோர், படுக்கையில் கிடப்போர், பச்சிளங்குழந்தையை விட்டு நகர முடியாத தாய் ஆகியோர்க்கு ஒரு முறையும் கிடைக்காது. சாதியால் ஒதுக்கப்பட்ட தெரு எப்போதும் ஊரின் கடைசித் தெருவாகவே இருக்கிறது என்பதையும் அன்று கண்ணால் கண்டோம்.

நாங்கள் எழுதிவந்த பட்டியலில் துணி ஒரு வீட்டில்தான் இருந்தது. மற்றவை இவை: உலர்ந்த விறகு, தீப்பெட்டி, கொசுவலை, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களுக்கான துணிகள், ஒரு முதியவருக்குத் தீர்ந்துபோன இரத்த அழுத்த மாத்திரை, நனைந்த ரேஷன் அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் மாற்று வாங்க விண்ணப்பம் எழுதித் தர ஓர் ஆள். புதுச்சேரி அரசு ரேஷன் அட்டை ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்த நேரம் அது. அட்டை நனைந்து எழுத்து அழிந்தவர்களின் கவலை எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலைவரை நாங்கள் விண்ணப்பம் எழுதினோம். எட்டு மூட்டைத் துணி செய்யாத வேலையை ஒரு பேனா செய்தது.

அடுத்த பிழை இதைவிடப் பெரிது. ஒரு வீட்டு வாசலில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் புத்தகங்களைத் திண்ணையில் விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. “அடுத்த சனிக்கிழமை வந்து உனக்கு நோட்டெல்லாம் எழுதித் தருகிறோம்,” என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்களுக்குத் தேர்வு வந்தது. பிறகு கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. நாங்கள் போனது ஜனவரி 4ஆம் நாள். அவளுடைய தாய் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “அன்னைக்கிச் சனிக்கெழம காலையிலேர்ந்து வாசல்லயே ஒக்காந்திருந்தா. சாப்பிடக்கூட உள்ள வரல,” என்று மட்டும் சொன்னார்.

அச்சிறுமி எங்களைப் பார்த்து முதலில் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டைப் பார்த்து, எங்களுக்காகக் காத்திராமல், பாதிப் பாடங்களை அவளே எழுதி முடித்திருந்தாள். மீதிப் பாதியை எழுத எங்களை அனுமதித்தாள். அனுமதித்தாள் என்றே எழுதுகிறோம். அன்று பெற்றுக்கொண்டவர்கள் நாங்களே.

நல்ல சமாரியர் காட்டும் ஒழுங்கு

மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியரின் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இந்த அனுபவத்துக்குப் பின் அதை மீண்டும் படித்தபோது, அது தொண்டின் பாடத்திட்டம் போலவே தோன்றியது.

முதலில் அவர் அருகில் சென்றார். மற்றவர்கள் விலகிப்போன இடத்தில் அவர் நெருங்கிப் பார்த்தார். தேவையைக் கேட்டறிவது இதுவே. இரண்டாவதாகத் தம்மிடம் இருந்த எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் காயத்தில் வார்த்துக் கட்டினார். கையிலிருப்பதைக் கொண்டு செய்யும் முதலுதவி இது. மூன்றாவதாகத் தம் விலங்கின்மீது அவரை ஏற்றித் தாம் நடந்தார். நான்காவதாகச் சாவடியில் சேர்த்தார். எல்லாவற்றையும் தாமே செய்ய முயலவில்லை. அதற்கென உள்ளவரிடம் ஒப்படைத்தார். நாமும் மருத்துவரிடமும் தீயணைப்புப் படையினரிடமும் கொம்யூன் பஞ்சாயத்திடமும் ஒப்படைக்க வேண்டியவற்றை ஒப்படைப்பதே முறை. ஐந்தாவதாகச் செலவைத் தாமே ஏற்றார்.

ஆறாவதாக, திரும்பி வரும்போது மீதியைத் தருவதாக வாக்களித்தார். இதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவர் திரும்பி வந்தாரா என்று உவமை சொல்லவில்லை. ஆனால் சாவடிக்காரர் அவரை நம்பினார். திரும்பி வருவார் என்று நம்பத்தக்கவராக இருப்பது தொண்டரின் முதல் தகுதி. நாங்கள் அந்தத் தகுதியை ஒரு சனிக்கிழமை இழந்தோம்.

செய்யத் தக்கவையும் தகாதவையும்

மாணவியராகிய நாம் செய்யத் தகாதவற்றை முதலில் சொல்வோம். ஓடும் வெள்ளத்தில் இறங்கலாகாது. முழங்காலளவு நீரோட்டமும் பெரியவர்களையே தள்ளிவிடும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகலாகாது. நீர் புகுந்த வீட்டில் பாம்பு, தேள் ஒதுங்கியிருக்கும். பெரியவர்கள் பார்த்தபின்பே நுழைய வேண்டும். தனியாகச் செல்லலாகாது. துன்பத்தில் இருப்பவரை அவர் அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது. நிறைவேற்ற முடியாத வாக்கைத் தரலாகாது. ஆபத்தில் இருப்பவரைக் கண்டால் 112 என்ற எண்ணையோ, இடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். ஆதரவின்றித் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098.

செய்யத் தக்கவை பல. வெள்ளம் வடிந்தபின் வருவது நோய். ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு வீடுதோறும் சொல்லலாம். வயிற்றுப்போக்கு கண்டவர்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கலாம்: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் தீங்கு. இரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து கண் செருகினாலோ உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சேற்று நீரில் புண்ணோடு நடப்போர்க்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிணறு இன்னும் புழங்கும் தெருக்களில் நம் கணக்குப் பாடம் பயன்படும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி, 4ஆல் வகுத்தால் நீரின் கன அளவு கன மீட்டரில் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் 12.56 கன மீட்டர், அதாவது 12,560 லிட்டர் நீர் இருக்கும். வழக்கமான நாட்களில் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது கணக்கு. ஆக ஏறத்தாழ 31 கிராம் போதும். போட்டபின் ஒரு மணி நேரம் நீர் இறைக்கலாகாது. வெள்ளத்தால் கலங்கிய கிணற்றுக்கு அளவு மாறும். அதைச் சுகாதார ஊழியரே முடிவு செய்வார். அளந்து கணக்கிட்டு அவரிடம் கொடுப்பது நம் பணி.

நோட்டு எழுதிக்கொடுத்தல், விண்ணப்பம் எழுதுதல், சிறு குழந்தைகளைச் சேர்த்து விளையாட வைத்தல், முதியவரோடு உட்கார்ந்து பேசுதல் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. முகாமில் இருக்கும் தாய் ஒரு மணி நேரம் கண்மூட வேண்டுமானால், அவள் குழந்தையை நம்பிக்கையான ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நாமாகலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

“பெண்பிள்ளைகளை வெள்ளம் வந்த ஊருக்கு அனுப்புவதா?” என்று பெற்றோர் சிலர் தயங்கினார்கள். அத்தயக்கம் அன்பினால் வந்தது; அதை நாங்கள் குறைகூறவில்லை. வெள்ளம் ஓடும்போது எங்களை அனுப்ப வேண்டாம். அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தா மித்ரா’ திட்டத்தில் பயிற்சி பெறவும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் நீர் வடிந்தபின், பெரியவர்களின் துணையோடு, பகல் நேரத்தில் செய்யத் தக்க பணி ஏராளம். அதற்கு எங்களை அனுப்புங்கள்.

இன்னொன்றும் கேட்கிறோம். நீந்தவும், முதலுதவி செய்யவும், புயல் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளவும் எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆபத்து வந்தால் யாருக்கும் காத்திராமல் தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போகலாம் என்ற உரிமையை இப்போதே எங்களுக்குத் தாருங்கள். அந்த நேரத்தில் கேட்க முடியாது.

முடிவுரை

2004இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல், 2020 நவம்பரில் ‘நிவர்’, 2024இல் ‘ஃபெஞ்சல்’. இருபது ஆண்டுகளுக்குள் நம் புதுச்சேரி கண்டவை இவை. இனியும் புயல் வரும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும்.

ஆகவே அன்புத் தோழியரே, புயலுக்குக் காத்திராமல் இவ்வாண்டே சிலவற்றைத் தொடங்குவோம். ஒவ்வொரு வகுப்பிலும் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர், முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுவோம். வீட்டிலுள்ள ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, சான்றிதழ்களை ஒரு நெகிழிப் பையிலிட்டு உயரமான இடத்தில் வைப்போம். நம் தெருவில் நடக்க முடியாதவர் எந்த வீட்டில் இருக்கிறார், கைக்குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிந்துவைப்போம். துணி கேட்டு வீடுவீடாகப் போகும்முன், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருவோம்.

கரியமாணிக்கத்துச் சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களில் இருவர் அவள் தெருவுக்குப் போகிறோம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் திண்ணையில் கூடிப் படிக்கிறார்கள். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்றபின் அடுத்த வகுப்பு மாணவியர் இருவர் அப்பணியை ஏற்க வேண்டும். அவர்கள் யார் என்பதை இம்மலரைப் படித்து முடித்ததும் நம் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லுங்கள். வருவோம் என்று அங்கே சொல்லியிருக்கிறோம்.